கல்லூரிக்கு வெளியே கிராஃபிக் டிசைன் பயில்வது: வழிகாட்டியும் சொந்தப் பணிகளும்

கிராஃபிக் டிசைன் கற்க விரும்பும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமோ மும்பை ஐஐடியின் ஐடிசி வடிவமைப்புப் பள்ளியோ எட்டும் தொலைவில் இல்லை. இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வுக்குத் தயாராவதற்கே பணமும் காலமும் வேண்டும். விருதுநகரில் பி.காம். படித்துக்கொண்டோ திண்டுக்கல்லில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டோ இந்தக் கலையின் மேல் ஆசை வைத்திருக்கும் ஒருவருக்குச் சில மாத மென்பொருள் வகுப்புதான் பொதுவாகக் கிடைக்கும் வழி. அந்த வகுப்பு கருவிகளைப் பழக்கும். எதை எங்கே, ஏன் வைப்பது என்பதை அதில் எதிர்பார்க்க முடியாது. அந்தப் பகுதியை அனுபவமுள்ள ஒரு வழிகாட்டியின் துணையோடும், நீங்களே தேர்ந்தெடுத்துச் செய்து முடிக்கும் பணிகளின் மூலமும் கற்றுக்கொள்ள முடியும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இவ்விரண்டும் பிணைந்து நடக்க வேண்டும். கையில் பணி இல்லாமல் வழிகாட்டியிடம் செல்பவருக்குப் பொதுவான அறிவுரைதான் கிடைக்கும். வழிகாட்டி இல்லாமல் பணி மட்டும் செய்பவர் ஒரே பிழையைப் பல அழகான வடிவங்களில் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார்.

யாரிடம் கற்பது

வழிகாட்டி என்றவுடன் பெருநகர விளம்பர நிறுவனத்தில் உயர்ந்த பொறுப்பில் இருப்பவரையே பலர் நினைக்கிறார்கள். முதலில் உங்கள் ஊரில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். ஆஃப்செட் அச்சகத்தில் பல ஆண்டுகளாக நோட்டீஸும் அழைப்பிதழும் கணினியில் அமைத்துவரும் டிடிபி பணியாளர், நாளிதழில் பக்கம் அமைப்பவர், சிற்றிதழ் நடத்துபவர், கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு ஊர்ப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருப்பவர் ஆகிய ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு பாடம் உண்டு. காலண்டரும் டைரியும் லேபிளும் அச்சாகும் சிவகாசியைச் சுற்றி வாழும் மாணவர்களுக்கு இந்த வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதை அவர்கள் உணர்ந்து பயன்படுத்த வேண்டும்.

பெயர்ப்பலகை எழுதும் ஓவியர்களைத் தனியே குறிப்பிட விரும்புகிறேன். ஃப்ளெக்ஸ் பரவுவதற்கு முன் நம் கடைவீதிகளைக் கையால் எழுதியவர்கள் அவர்கள். தட்டைத் தூரிகையைக் கொண்டு ‘ழ’வின் வளைவை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார், ‘ஞ’ போன்ற அகன்ற எழுத்துக்கும் ‘ர’ போன்ற குறுகிய எழுத்துக்கும் ஒரே வரியில் எப்படி இடம் பிரிக்கிறார், புள்ளியை எந்த உயரத்தில் வைக்கிறார் என்பதை அருகில் நின்று பார்ப்பவர், கணினியில் எழுத்திடைவெளியைத் திருத்தும்போது எதைத் தேட வேண்டும் என்பதை அறிந்திருப்பார். அத்தகைய ஒருவர் இன்னும் தொழிலில் இருக்கும் ஊரில் நீங்கள் வாழ்ந்தால், ஒரு விடுமுறையில் அவருக்கு உதவியாளராக இருந்து கோடு போடவும் வண்ணம் கலக்கவும் வாய்ப்புக் கேட்டுப் பெறுங்கள்.

ஒரே வழிகாட்டி எல்லாவற்றையும் தர இயலாது. வடிவத்தைப் பற்றிப் பேச ஒருவரும், அச்சுத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேச இன்னொருவரும் இருப்பது நல்லது. இருவரின் கருத்தும் சில நேரம் மோதும். அந்த மோதலில் முடிவெடுப்பது உங்கள் பொறுப்பு.

முதல் கடிதம்

‘எனக்கு டிசைன் கற்றுத் தருவீர்களா?’ என்று கேட்டு அனுப்பும் செய்திக்கு, நல்ல மனம் கொண்டவரும் என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிடுவார். கேள்வி சிறியதாகவும், அதற்குரிய பணி கண்முன் உள்ளதாகவும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்:

‘வணக்கம் சார். நான் வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. கிராஃபிக் டிசைன் கற்றுவருகிறேன். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் கோடைக்கால வாசிப்பு முகாமுக்கு ஒரு சுவரொட்டி அமைத்திருக்கிறேன், இணைத்துள்ளேன். தலைப்பும் நாள், நேர விவரமும் ஒரே அளவு கவனத்தைக் கேட்பதாகத் தோன்றுகிறது. எதை அடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. தங்களுக்கு நேரம் இருக்கும்போது இது ஒன்றைப் பற்றி மட்டும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.’

பதில் வந்தால், அவர் சொன்னபடி திருத்திப் பார்த்து, பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அருகருகே வைத்துச் சில நாள்களுக்குள் திருப்பி அனுப்புங்கள். தாம் சொன்னதை ஒருவர் செய்து பார்த்தார் என்பதைக் காணும்போதுதான் மூத்தவர்களுக்கு மேலும் சொல்லத் தோன்றுகிறது. அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் கேட்பது மிகையான வேண்டுகோள் ஆகாது. போகும்போது கைபேசித் திரையை நீட்டாமல், உண்மையான அளவில் எடுத்த அச்சுப்படியையும் பென்சிலையும் கொண்டுபோக வேண்டும். திரையில் எதையும் பெரிதாக்கிப் பார்த்துவிடலாம் என்பதால், எட்டுப் புள்ளி (பாயின்ட்) அளவுள்ள எழுத்து படிக்க முடியாமல் இருப்பதை அது மறைத்துவிடும்.

எந்தப் பணியைத் தேர்ந்தெடுப்பது

கற்பனையான காப்பிக் கடைக்கு லோகோ, இல்லாத நிறுவனத்துக்கு விசிட்டிங் கார்டு போன்ற பயிற்சிகள் கருவியைப் பழக உதவும். அதற்கு மேல் அவற்றிலிருந்து கிடைப்பது குறைவு. படிப்பவர் யார், எங்கே நின்று படிப்பார், என்ன அளவு, எந்த நாளுக்குள் என்ற நான்குக்கும் விடை உள்ள பணியே உங்களைத் திருத்தும். பள்ளி ஆண்டு விழா மலர், கிளை நூலகத்தின் அறிவிப்புகள், மகளிர் குழு தயாரிக்கும் ஊறுகாய்க்கான லேபிள், ஊர்த் திருவிழா நோட்டீஸ், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒட்டத்தக்க தடுப்பூசி அட்டவணை என உங்களைச் சுற்றியே இத்தகைய பணிகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகச் சொல்கிறேன்: ஊர்ப் பேருந்து நிலையத்தின் கால அட்டவணை.

கணினியைத் திறப்பதற்கு முன் பேருந்து நிலையத்தில் போய் நில்லுங்கள். பலகை இருக்கும்போதே மக்கள் நடத்துநரிடமும் தேநீர்க் கடைக்காரரிடமும் கேட்கிறார்கள் என்றால், ஏன் என்று கவனியுங்கள். பலகை மிக உயரத்தில் இருக்கலாம். ஊர்ப்பெயர்கள் தடத்தின் வரிசையில் இருப்பதால் தேடக் கடினமாக இருக்கலாம். நேரங்கள் மாறிப்போய்ப் பலகையின் மேல் நம்பிக்கையே போயிருக்கலாம். இவற்றில் கடைசிக் காரணத்தை எந்த டிசைனும் தீர்க்காது என்பதைப் புரிந்துகொள்வதும் கல்வியின் பகுதிதான். சரியான நேரங்களை நிலையத்தின் நேரக் காப்பாளரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, எந்தத் தேதியில் பெற்ற விவரம் என்பதையும் பலகையிலேயே குறிக்க வேண்டும்.

அடுத்து வருவது அடுக்குமுறை. புறப்படும் நேரத்தின்படி அடுக்குவதா, ஊர்ப்பெயரின் அகரவரிசைப்படி அடுக்குவதா? தேனிக்குப் போக வேண்டியவர் முதலில் தேடுவது ‘தேனி’ என்ற சொல்லைத்தான். ஆகவே ஊர்ப்பெயர் முதலிலும் அதன் எதிரே நேரங்களும் வருவது பெரும்பாலும் பொருந்தும். ஒரு பேருந்தைத் தவறவிட்டு அடுத்ததைத் தேடுபவருக்கோ நேரவரிசை பயன்படும். இரண்டையும் தாளில் பென்சிலால் வரைந்து, அங்கே காத்திருப்பவர்களிடம் காட்டி, ‘மாலை ஆறு மணிக்கு மேல் மதுரைக்கு எந்தப் பேருந்து?’ என்பது போன்ற ஒரு கேள்வியைக் கேட்டு, விடையை அவர்கள் எங்கே தேடுகிறார்கள் என்று பாருங்கள். விரல் போகும் திசையே போதும், ‘இது பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டால் நம் மக்கள் மரியாதைக்காக ‘நல்லா இருக்கு தம்பி’ என்றுதான் சொல்வார்கள்.

பிறகுதான் எழுத்து. ஒரே நிரலில் (மேலிருந்து கீழான வரிசையில்) ‘தேனி’யும் வர வேண்டும், ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்பதும் வர வேண்டும். நீளமான பெயருக்காக நிரலை அகட்டினால், குறுகிய பெயருக்கும் அதன் நேரத்துக்கும் இடையே கண் வழிதவறும். எழுத்தைச் சுருக்கி நசுக்கினால் தொலைவிலிருந்து படிக்க முடியாது. வரிக்கு வரி மெல்லிய நிறப்பட்டை இடுவது, நீளப் பெயரை மட்டும் இரண்டு வரியாக்குவது, நேரங்களைப் பெயருக்குக் கீழே கொண்டுவருவது எனப் பல தீர்வுகள் உண்டு. மூன்றையும் செய்து பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். நேரத்தின் எண்கள் நேராக நிற்க வேண்டுமானால் எல்லா இலக்கங்களும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, எண்களை வலப்பக்கம் ஒழுங்குபடுத்த வேண்டும். 18.40 என்பதைவிட ‘மாலை 6.40’ என்பதே நம் பயணிகளுக்குப் பழக்கமானது. காலை, பகல், மாலை, இரவு என்று தொகுத்துவிட்டால் அந்தச் சொற்களை ஒவ்வொரு நேரத்துக்கும் எழுதவும் வேண்டாம்.

எழுத்தின் அளவுக்குப் பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: பத்து அடித் தொலைவுக்கு ஓர் அங்குல எழுத்துயரம். 72 புள்ளி அளவில் அமைத்தால் எழுத்து ஓர் அங்குலம் வந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த அளவு மேல் விலங்குக்கும் (‘கி’, ‘கீ’யில் மேலே வரும் வளைவு) கீழ்ச் சுழிக்கும் (‘கு’, ‘கூ’வில் கீழே வரும் பகுதி) ஒதுக்கிய இடத்தையும் சேர்த்தது. ‘க’, ‘ப’ போன்ற எழுத்தின் உடல் அதில் ஏறத்தாழப் பாதியாகவே இருக்கக்கூடும். ஆகவே ஓர் ஏ3 தாளில் பலகையின் ஒரு பகுதியை உண்மையான அளவில் அச்சிட்டு, அனுமதி பெற்று அதே உயரத்தில் ஒட்டி, வயதான ஒருவரைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். இவ்வளவையும் செய்த பிறகு அந்தத் தாளோடும் குறிப்புகளோடும் வழிகாட்டியிடம் போனால், உரையாடல் ‘நிறம் நன்றாக இருக்கிறதா’ என்ற இடத்தில் நிற்காது. ‘கடைசிப் பேருந்தை ஏன் தனியாகக் காட்டவில்லை?’ என்று அவர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வி உங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் அன்றைய பாடம்.

தமிழ் எழுத்தைத் தனியே படிக்க வேண்டும்

இணையத்தில் கிடைக்கும் பாடங்களும் நூல்களும் பெரும்பாலும் ரோமன் எழுத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. தலைப்பைப் பெரிய எழுத்தில் அமை, எழுத்திடைவெளியைக் கூட்டு, அழுத்தம் வேண்டுமிடத்தில் சாய்வெழுத்து இடு என்று அவை சொல்வதில் பல தமிழுக்குப் பொருந்தாது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. சாய்வெழுத்துக்கு இங்கே வேரூன்றிய மரபும் இல்லை. எழுத்திடைவெளியை அளவுமீறிக் கூட்டினால் கொம்பும் காலும் தத்தம் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். மேலே இகர ஈகார விலங்குகளும் கீழே உகர ஊகாரச் சுழிகளும் இருப்பதால் வரியிடைவெளியைச் சற்றுத் தாராளமாக, எழுத்தளவின் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வரை, வைத்துத் தொடங்குவது நல்லது. சொற்கள் நீளமானவை என்பதால் குறுகிய பத்தியை இருபுறமும் சீராக்கினால் வெள்ளை இடைவெளிகள் வரிகளுக்கு நடுவே ஓட்டை விழச் செய்யும். சொல்லை உடைக்க நேர்ந்தால் அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துருத் தேர்வில் இன்றைய மாணவர்கள் பேறு பெற்றவர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், அனெக் தமிழ், பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கிய பவனம், கவிவனர் ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிகப் பணிக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஐந்து எழுத்துருக்களில் ஒரே பத்தியை ஒரே புள்ளியளவில் அச்சிட்டுப் பாருங்கள்: அவற்றின் அகலமும் கருமையும் எவ்வளவு மாறுகின்றன என்பது அப்போதுதான் தெரியும். அந்த வேறுபாட்டை உங்கள் சொற்களில் வழிகாட்டிக்கு விளக்கிப் பழகுவது பார்வையைக் கூர்மையாக்கும். 2010இல் ஏற்கப்பட்ட இந்திய ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார், கட்டடக்கலை படித்துவிட்டு வடிவமைப்புக்கு வந்து தமிழ் எழுத்து வடிவங்களை ஆழமாக ஆராய்ந்தவர். எழுத்தின் மேல் செலுத்தும் கவனம் எங்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு அவர் பணி சான்று.

நடைமுறையில் முதலில் வரும் தொல்லை எழுத்துருக் குறியாக்கம், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் கணினி எந்த எண்ணாகச் சேமிக்கிறது என்பது. அச்சகங்களில் பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய முறைகளில் தட்டிய கோப்புகள் இன்னும் ஏராளம். அவற்றை இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினால் பொருளற்ற எழுத்துகளே தெரியும். மாற்றி மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஆனால் மாற்றிய பின் முழு உரையையும் மீண்டும் மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். சில மென்பொருள்களில் யூனிகோடு தமிழை ஒட்டும்போது கொம்பு இடம் மாறி உடைந்து வந்தால், இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு முறையை அமைப்புகளில் தேர்ந்தெடுக்க வேண்டும். அடோபி மென்பொருள்களுக்கோ கோரல்டிராவுக்கோ பணம் இல்லாதவர்கள் இலவச மென்பொருள்களான இங்க்ஸ்கேப், கிரிட்டா, ஸ்கிரைபஸ் ஆகியவற்றில் தொடங்கலாம். திருட்டுப் படியை நாடத் தேவையில்லை.

அச்சகம் கற்பிப்பது

ஒரு பணியாவது உண்மையில் மையேறித் தாளில் வெளிவர வேண்டும். ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி) திரையில் ஒளிரும் பச்சை, அச்சின் சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மையில் மங்கும். கறுப்பு எழுத்தைத் திரைக்குரிய கறுப்பாகவே விட்டுவிட்டால் அது நான்கு மைகளின் கலவையாகப் பிரியும். ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுப் பிளேட்டுகள் இம்மியளவு விலகினாலும் சிறிய எழுத்துகளைச் சுற்றி நிழல் தட்டும். பத்திகளில் வரும் உடல் எழுத்தை எப்போதும் தனிக் கறுப்பில் மட்டும் வையுங்கள். பின்னணி நிறம் விளிம்பு வரை வருமானால் கட்டிங்குக்காக நான்கு புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டி, முக்கியமான எழுத்தை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வைக்க வேண்டும். நடுமடிப்பில் கம்பிப் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதை ஆண்டு மலர் செய்யும் மாணவர்கள் கடைசி நாளில்தான் அறிகிறார்கள்.

படங்களுக்கு அச்சளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் தேவை. 1,200 பிக்சல் அகலமுள்ள படம் 4 அங்குலத்துக்கே சரியாக வரும். வாட்ஸ்அப்பில் படமாக வந்த புகைப்படம் சுருங்கியிருக்கும் என்பதால், ஆவணமாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கோப்பை அச்சகத்துக்குத் தரும்போது எழுத்தைக் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத வடிவக் கோடுகளாக) மாற்றிய பிடிஎஃப் ஒன்றைக் கொடுங்கள், திருத்தத்தக்க மூலக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும். முடிந்தால் அச்சு ஓடும் நேரத்தில் அங்கே இருங்கள். பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையை எப்படி உறிஞ்சுகிறது, பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் அதே நிறம் எப்படி எழுகிறது என்பதை இயந்திரப் பணியாளர் ஒரு தாளைக் கையில் எடுத்துக் காட்டுவதற்கு ஈடான வகுப்பு வேறு இல்லை.

மெய்ப்பைப் பற்றி ஒரு சொல். திருமண அழைப்பிதழில் ஆங்கிலத் தேதி, தமிழ் மாதத் தேதி, கிழமை மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று நாள்காட்டியை வைத்துப் பார்ப்பதும், பெரியவர்களின் பெயரையும் தலைப்பெழுத்தையும் குடும்பத்தாரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி ஒப்புதல் பெறுவதும் வடிவமைப்பாளரின் கடமை. பெயர் தவறாக அச்சாகிவிட்ட ஒரு பெரியவரின் மனவருத்தத்தை எந்த அழகான பார்டரும் ஈடுசெய்யாது.

விமர்சனத்தைக் கேட்கும் முறை

வழிகாட்டி பேசும்போது உங்கள் பணிக்காக வாதாடாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்வதில் இரண்டு வகை இருக்கும்: ஒன்று ‘இங்கே கண் முதலில் விலையில் போய் நிற்கிறது’ என்பது போன்ற கவனிப்பு, மற்றது ‘சிவப்பு வேண்டாம், நீலம் போடு’ என்பது போன்ற தீர்வு. கவனிப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும். தீர்வு அவருடைய சுவையாக இருக்கலாம். நீலத்தையும் செய்து பாருங்கள். ஆனால் சிவப்பு ஏன் உறுத்தியது என்று கேட்காமல் வந்துவிட்டால், அடுத்த பணியிலும் அவர் கையை எதிர்பார்த்தே நிற்பீர்கள். புரியாவிட்டால் ‘அந்த இடத்தில் என்ன குறைகிறது என்று சொல்ல முடியுமா?’ என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. நல்ல வழிகாட்டி மவுஸைத் தன் கையில் வாங்கிக்கொள்ள மாட்டார். வாங்கிக்கொள்பவரிடம் பணிவோடு, நீங்களே செய்துபார்த்துக் காட்டுவதாகச் சொல்லுங்கள்.

கற்பித்தல் என்ற பெயரில் ஊதியமின்றி மாதக்கணக்கில் வேலை வாங்குவதும் நம்மிடையே உண்டு. நீங்கள் செய்த அழைப்பிதழுக்கு அச்சகம் பணம் பெறுகிறது என்றால் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை முதல் வாரத்திலேயே பேசிவிடுவது இரு தரப்புக்கும் மரியாதை. அரசுப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் விரும்பிச் செய்யும் பணி வேறு. இலாபம் ஈட்டும் கடைக்கு ‘உனக்கு விளம்பரம் கிடைக்கும்’ என்ற சொல்லுக்காகச் செய்வது வேறு. பின்னதை ஏற்க வேண்டாம் என்பேன். தொகை சிறியதாக இருந்தாலும் முன்பணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தம், மூலக் கோப்பு யாருக்கு என்ற மூன்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொகுப்பில் எதை வைப்பது

வேலைக்கோ மேற்படிப்புக்கோ காட்டும் பணித்தொகுப்பில் ஐந்தாறு பணிகள் போதும். ஒவ்வொன்றிலும் முடிந்த வடிவத்தோடு அது தீர்க்க முயன்ற சிக்கல், முதல் பென்சில் வரைவுகள், கைவிட்ட ஒரு வடிவம், கைவிட்டதற்கான காரணம், பலகையோ தாளோ உண்மையில் பயன்பாட்டில் இருக்கும் புகைப்படம் ஆகியவற்றை வையுங்கள். பழைய இதழின் பக்கத்தை அளந்து அப்படியே மறுபடி அமைத்துப் பார்ப்பது சிறந்த பயிற்சி. ஆனால் அதைத் தொகுப்பில் சேர்த்தால் பயிற்சிப் படி என்று தெளிவாகக் குறிக்க வேண்டும். பயன்படுத்திய எழுத்துருவின் பெயரையும், புகைப்படம் எடுத்தவரின் பெயரையும், வழிகாட்டி இசைந்தால் அவருடைய பெயரையும் ஒவ்வொரு பணியின் கீழும் எழுதுங்கள். தொகுப்பின் முதல் அச்சுப்படியை வெளியே அனுப்புவதற்கு முன் அவரிடம் கொடுத்து, எந்தப் பணியை நீக்கலாம் என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள்.